சின்னத் தாத்தாவின் கை

ஸ்கேன் செய்யலாமே என்று பழைய படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். சின்னத் தாத்தாவின் முகம் உரிந்து கண்ணாடியிலேயே தங்கிவிட்டது.

படத்தில் மிச்சம் கை மட்டும்தான். நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்திருக்கும் கை. அசையக் கூடாது என்று ஸ்டூடியோக்காரர் மிரட்டியிருப்பார் போல.

மலாயாவில் எடுத்தது. அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். 1943-இல் சயாம்–பர்மா ரயில் பாதை போட ரப்பர் தோட்டத்திலிருந்து கூட்டிப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. ஆள் திரும்பவில்லை.

சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், காஞ்சனாபுரியில் அதே பாதை வேலையில் செத்த போர்க்கைதிகளின் கல்லறைகள் கிட்டத்தட்ட 7,000, வரிசை வரிசையாக. அங்கே செத்த நம் தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூடக் கிடையாது.

செத்த நாள் தெரியாது, அதனால் திதியும் இல்லை. தீபாவளிக்கு மட்டும் பாட்டி படத்தின் முன்னால் ஒரு வேட்டி வைப்பார்.

கண்ணாடியை இன்னும் துடைக்கவில்லை.