அஞ்சு கிராம் பறவையும் சாய்ஞ்ச வெயிலும்

பறவைகளை போட்டோ எடுக்கறது தான் என் வேலை, இத்தனை வருஷத்துல எத்தனையோ பறவை எடுத்தாச்சு, ஆனா ஒரு குளிர்காலத்துல என்னை படுத்தி எடுத்து நிறைய கத்துக்குடுத்தது கோல்ட்கிரெஸ்ட்ங்கற ஒரு துளி பறவை. ஐரோப்பாவோட ரொம்ப சின்ன பறவைகள்ல அதுவும் ஒண்ணு, எடை 5-லருந்து 6 கிராம் தான். உச்சந்தலையில மஞ்சளா ஒரு கோடு இருக்கும், அந்தக் கோடு பளிச்சுனு தெரியற மாதிரி ஒரு படம் வேணும்னு எனக்கு வேலை குடுத்தவங்க கேட்டிருந்தாங்க.

குளிர்கால வெளிச்சம் மேல எனக்கு தனி பிரியம். 50 டிகிரி வட அட்சரேகைன்னு வச்சுக்கோங்க, டிசம்பர் 21 வாக்குல நடுப்பகல்ல கூட சூரியன் அடிவானத்துலருந்து 17 டிகிரி உயரத்தை தொடாது. அதனால பகல் முழுக்க வெயில் பக்கவாட்டுல தான் வரும், மரத்துக்கு அடியில கூட நுழைஞ்சு பறவையோட கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சத்தை வச்சுட்டுப் போகும். அந்தப் பொட்டு இல்லன்னா படத்துல பறவைக்கு உயிரே இருக்காது. ஆனா கோல்ட்கிரெஸ்ட் இருக்கறதோ அடர்த்தியான ஊசியிலை மரத்துக்குள்ள, அங்க வெயில் கீத்து கீத்தா தான் விழும், நமக்கோ ஷட்டர் வேகம் 1/1600 செகண்டுக்கு கீழ போனா றெக்கை என்ன தலையே கலங்கிடும். வெளிச்சம் கம்மியா இருந்தாலும் எடுக்கறதுக்கு ஐஎஸ்ஓவை 3200, 6400ன்னு ஏத்தி வச்சுக்கிட்டேன், அதனால வர்ற நாய்ஸை, அதாவது படத்துல புள்ளி புள்ளியா தெரியறதை, பின்னாடி சரி பண்ணிக்கலாம், ஷேக் ஆன படத்தை ஒண்ணும் பண்ண முடியாது.

முதல் நாள் காலையில எடுத்த எதுவுமே ஷார்ப்பா வரல. லென்ஸ் தான் போச்சுன்னு பயந்துட்டேன். கூட வந்த சீனியர் ஒருத்தர் ஸ்கிரீனைப் பாத்துட்டு, "தம்பி, ஹீட்டர் போட்ட கார்லருந்து லென்ஸை அப்படியே எடுத்துட்டு வந்துட்டீங்களா? அது ஆறட்டும், அரை மணி நேரம் வெளிய வைங்க"ன்னார். சூடான லென்ஸுக்கு முன்னாடி, அதோட முனையில மாட்டற ஹூடுங்கற குழாய்க்குள்ளயே, குளிர்ந்த காத்தும் சூட்டுக் காத்தும் கலந்து கானல் மாதிரி அலையும், அது வழியா பாத்தா எவ்வளவு நல்ல லென்ஸும் மங்கலா தான் எடுக்கும். மறுநாள்லருந்து வந்தவுடனே பையைத் திறந்து லென்ஸை வெளிய வச்சிடுவேன், பேட்டரியை மட்டும் உள் பாக்கெட்ல உடம்புச் சூட்டுல வச்சுக்குவேன், குளிர்ல அது சீக்கிரம் இறங்கிடும்ங்கறதால.

அதுக்கப்புறம் மூணு நாள் அந்தப் பறவை பின்னாடியே ஓடினேன். சத்தம் கேட்ட பக்கம் போவேன், நான் போய் லென்ஸைத் தூக்கறதுக்குள்ள அது அடுத்த மரத்துல இருக்கும், ஆட்டோஃபோகஸ் முன்னாடி நிக்கற குச்சியைப் போய் பிடிச்சுக்கும், நூத்துக்கணக்குல வெறும் கிளை படம். நாலாவது நாள் கால் வலிச்சு ஒரே இடத்துல உக்காந்தேன், அப்பதான் நிஜமா அதைப் பாத்தேன்னு சொல்லணும்.

அது விளையாட்டுக்கு துள்ளல. கிளையோட நுனிக்கு வருது, ஊசி இலைக்கு நடுவுல எட்டிப் பாக்குது, இல்லன்னா ஒரு நொடி றெக்கையடிச்சு அந்தரத்துல நிக்குது, எதையோ கொத்துது, அடுத்த நுனி. சிலந்தி, பூச்சி, பூச்சி முட்டை, எல்லாமே கண்ணுக்குத் தெரியாத அளவு. இவ்வளவு சின்ன உடம்புல சூடு நிக்காது, நீண்ட குளிர் ராத்திரிய தாண்டணும்னா தேவையான கொழுப்பை அந்தக் குட்டிப் பகலுக்குள்ளயே சேத்தாகணும். அது நிக்காம ஓடறது பிழைப்பு, நான் துரத்தி அதை ஒரு தடவை பறக்க வச்சா அது தேடித் தின்ன ஏதோ ஒரு சிலந்தி வீணாப் போச்சுன்னு அர்த்தம். இது மனசுல பட்டதுக்கு அப்புறம் என்னால துரத்த முடியல.

வெயில் எந்த ஓரத்துல விழுதுன்னு பாத்து, அங்க ஒரு நுனிக்கிளையில முன்னாடியே ஃபோகஸ் வச்சு காத்திருக்க ஆரம்பிச்சேன். கோல்ட்கிரெஸ்ட் டிட்ங்கற வேற குட்டிப் பறவைகளோட கலந்து கூட்டமா வரும், கொஞ்ச நேரம் கழிச்சு அதே ஓரத்துக்கு திரும்ப வரும், அந்த இடைவெளி எனக்கு பழகிப்போச்சு. கேமராவுல ப்ரீ-கேப்சர்ங்கற வசதியைப் போட்டு வச்சேன், நாம பட்டனை அழுத்தறதுக்கு அரை செகண்ட் முன்னாடி நடந்ததையும் கேமரா வச்சிருக்கும், ஏன்னா நம்ம விரல் முடிவு பண்றதுக்குள்ள இந்தப் பறவை வேலையை முடிச்சுட்டு போயிடும்.

ஒன்பதாவது நாள் மத்தியானம் 2 மணி இருக்கும். நாலு மீட்டர் தூரம் தான், அந்த நுனிக்கே வந்துச்சு, தலைகீழா தொங்குச்சு, வெயில் நேரா முகத்துல. நான் மூச்சு விடல.

அன்னைக்கு வீட்டுக்கு வந்தும் பையை திறக்கல, ஜில்லுனு இருக்கற கேமராவை சூடான ரூம்ல திறந்தா தண்ணி கோத்துக்கும். காலையில தான் பாத்தேன். கேட்ட மாதிரி மஞ்சள் கோடு பளிச்சுனு தெரியற படம் ரெண்டு இருந்துச்சு, அதை அனுப்பினேன். கூடவே கேக்காத ஒண்ணையும் அனுப்பினேன், கோடு பாதி மறைஞ்சிருக்கு, கண்ணுல வெயில் பொட்டு, அலகு ஓரத்துல முடி மாதிரி ஒரு சிலந்திக் கால். அவங்க அதைத்தான் எடுத்துக்கிட்டாங்க.