ஓக் மரத்துக்கு அமோனியா

அமெரிக்க மரச்சாமான் வடிவமைப்பாளர் குஸ்தாவ் ஸ்டிக்லியின் பழைய நாற்காலிகளில் இருக்கும் அந்தக் கரும்பழுப்பு, பெரும்பாலும் சாயத்தால் வந்ததில்லை. நியூயார்க் மாநிலத்தில் இருந்த அவருடைய பட்டறையில் வெள்ளை ஓக் சாமான்களைக் காற்றுப் புகாத அறையில் அடைத்து, உள்ளே அமோனியாவையும் வைத்துவிடுவார்கள். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு அந்த ஆவி சேர்ந்து மரமே கருக்கும். நெடி எப்படி இருந்திருக்கும்? பாவம் வேலையாட்கள்!

மூட்டுகளையும் அவர் மறைக்கவில்லை. நாற்காலிக் காலைத் துளைத்துக்கொண்டு, மூட்டில் செருகும் முனையான கழுந்து வெளியே எட்டிப் பார்க்கும், அலங்காரமே அதுதான். கைவேலையைப் போற்றிய கைவினை இயக்கத்துக்காரர்தான், ஆனாலும் அறுக்கவும் இழைக்கவும் இயந்திரம் வைத்திருந்தார். அதில் தப்பே இல்லை என்பது என் கட்சி.

1915-இல் திவாலாகிவிட்டார். அவர் வீட்டில் இருந்த சைட்போர்டு (சாப்பாட்டு அறை அலமாரி) ஒன்றை 1988-இல் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் ஏலத்தில் எடுத்தார். விலை 3,63,000 டாலர்!