தாய்மாமன் எங்கே நிற்கிறார்?

கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன், மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடும் வேலை பார்த்தேன். கல்யாண போட்டோ எடுப்பவனுக்கு வேண்டிய படிப்பில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது. முகூர்த்தப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வந்தால் பத்துப் பேர் பேசுவார்கள். முடிவு செய்கிறவர் ஓரமாகப் பேசாமல் உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் ஒரு அத்தையோ பாட்டியோ. அவர் முந்தானையைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினால் பில் போடலாம். அவரைக் கண்டுபிடிக்கத் தெரியாத சேல்ஸ்மேன் கடை சாத்தும்வரை சேலை மடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்புறம் ஒரு ஸ்டுடியோவில் லைட் பாய். வீடியோ எடுப்பவர் பக்கத்தில் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வெளிச்சம் விழுந்ததும் பந்தியில் சாப்பிடுகிறவர் கை இலையிலேயே நின்றுவிடும். பந்தியை வீடியோ எடுப்பது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. கேட்டால் எடுத்துத் தருகிறேன், அவ்வளவுதான்.

அது ஃபிலிம் காலம். ரோலுக்கு 36 படம். கெட்டிமேளம் முழங்கும்போது ரோல் தீர்ந்துவிடக் கூடாதென்று, முப்பதைத் தாண்டியிருந்தாலே ஸ்டுடியோ அண்ணன் கழற்றிப் புது ரோல் போட்டுவிடுவார். ஒரு முறை ஃப்ளாஷ் அடித்தால் மறுபடி சார்ஜ் ஏறச் சில விநாடி ஆகும். பல வீடுகளில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவார். “முதல் முடிச்சுக்குத் தாலிய எடுத்துடு. நாத்தனார் முடிக்கிறதுக்குள்ள ஃப்ளாஷ் ஏறிடும், அப்பப் பொண்ணோட அப்பா பக்கம் திரும்புடா” என்பார். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் அப்பாக்கள் துண்டை எடுப்பார்கள்.

இப்போது நான் எடுக்கும் கல்யாணங்களில், முகூர்த்தத்துக்கு முன்பே ஒரு நாள் கேமரா இல்லாமல் பெண் வீட்டுக்குப் போய்விடுவேன். காபி குடித்துக்கொண்டே, சொந்தமெல்லாம் தெரிந்த ஒரு சித்தியைப் பிடித்து உட்கார்ந்தால் போதும். யார் யாரோடு பேசுவதில்லை, எந்தப் பங்காளிகளைச் சேர்ந்து நிற்கச் சொல்லக் கூடாது எல்லாம் வந்துவிடும். தாய்மாமன் நிற்க, மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்களை முதலில் மேடையேற்றினால் அன்றைக்கு யாராவது சாப்பிடாமல் கிளம்பிவிடுவார்கள். பழி போட்டோகிராஃபர் தலையில்தான் விழும்.

கணவரை இழந்த அம்மாக்கள் விஷயம் வேறு. பல கல்யாணங்களில் அவர்களே தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொள்கிறார்கள். மைக்கில் பேர் சொல்லி மேடைக்கு அழைப்பது நல்ல மனசாகத் தெரியலாம், ஆனால் மண்டபமே திரும்பிப் பார்க்கும்போது அவர் கூசிப்போவார். நான் விடிகாலையில் மணமகள் அறைக்குப் போகிறேன். தலை பின்னும் நேரத்தில் மகளும் அம்மாவும் ஒரே கண்ணாடியில் தெரிவார்கள். ஆல்பத்தில் பல பெண்கள் பெரிதாகப் போடச் சொல்வது அந்தப் படத்தைத்தான்.

கல்யாணம் முடிந்து சில வருடம் கழித்து அதே வீட்டிலிருந்து போன் வரும். “தம்பி, அப்பா படம் தனியா ஒண்ணு இருக்குமா?” குரலிலேயே விஷயம் தெரிந்துவிடும். குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி எடுத்துப் பெரிதாக்கினால் பக்கத்தில் நின்றவர் தோளும் சேர்ந்து வரும். அதனால் பந்திக்குக் காத்திருக்கும் பெரியவர்களை ஆளுக்கு ஒன்றாகத் தனியே எடுத்து வைக்கிறேன். இந்தப் படத்துக்குக் காசு வாங்குவது சரியா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. பிரிண்ட் செலவை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

என்னிடம் வேலைக்கு வரும் பையன்களுக்கு லென்ஸ் பேரெல்லாம் அத்துப்படி. முதல் கல்யாணத்தில் அவர்களுக்குக் கேமரா கிடையாது. வரவேற்பில் பன்னீர் தெளிக்கிற இடத்தில் நிற்கச் சொல்வேன். முகூர்த்தம் முடிந்ததும், பெண்ணுக்குத் தாய்மாமன் யார் என்று கேட்பேன். கை நீட்டிக் காட்டுகிறவனுக்கு அடுத்த கல்யாணத்தில் கேமரா.