டெக்சாஸ் கோயிலொன்றில் துப்பாக்கி விதி வகுத்த அனுபவம்

டெக்சாஸில் ஒரு கோயிலின் நிர்வாகக் குழுவில் செயலாளராக இருந்தபோது, பக்தர்கள் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துவரலாமா என்பதற்கு எழுத்துவடிவில் ஒரு விதி வகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இங்குள்ள பிற கோயில்களிலும் இந்தக் கேள்வி எழுவதால், நாங்கள் கடந்துவந்த வழியைப் பதிவு செய்கிறேன்.

வழிபாட்டிடத்தில் துப்பாக்கி கூடாது என்று சட்டமே சொல்லியிருக்கும் என்பதுதான் குழுவினர் பலருடைய எண்ணம். நிலைமை அப்படியில்லை என்று வழக்கறிஞர் விளக்கினார். 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பிலிருக்கும் திருத்தத்தின்படி உரிமம் பெற்றவர் வழிபாட்டிடத்துக்குள் துப்பாக்கியுடன் வரலாம்; வேண்டாம் என்றால் நிர்வாகம்தான் அதை உரிய முறையில் அறிவிக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல், வேறு சட்டத் தடை இல்லாத, 21 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம்கூடத் தேவையில்லை என்றாகிவிட்டது. ஆக, எதுவும் சொல்லாத கோயில் ஏற்கெனவே அனுமதி வழங்கிவிட்ட கோயில். மௌனம் சம்மதம் என்பது இங்கே சட்டமாகவே இருக்கிறது.

அறிவிப்புக்கும் இலக்கணம் உண்டு. சிவப்பு வட்டத்துக்குள் துப்பாக்கிப் படம் போட்ட பலகை உரிமம் பெற்றவரைக் கட்டுப்படுத்தாது. மறைத்து எடுத்துவருவதற்குத் தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவு, வெளியே தெரியும்படி எடுத்துவருவதற்கு 30.07, உரிமம் இல்லாதவர்களுக்கு 30.05 என்று தனித்தனி வாசகங்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், குறைந்தது ஓர் அங்குல உயரமுள்ள எழுத்துகளில், பின்னணியிலிருந்து தெளிவாக வேறுபடும் நிறத்தில் இருக்க வேண்டும். தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைத்தால் சட்டத்தின் முன் அதற்கு மதிப்பில்லை என்றாலும் எங்கள் திருப்திக்கு அவற்றையும் வைத்தோம். மீறுபவருக்கு 200 டாலர் வரை அபராதம். நேரில் சொல்லியும் வெளியேறாவிட்டால் குற்றம் கடுமையாகும்.

பொதுக்குழுவில்தான் நேரம் போயிற்று. செருப்பையே வாசலில் கழற்றிவிட்டு வரும் இடத்தில் துப்பாக்கியா என்று ஒரு பெரியவர் கேட்டார். முருகன் கையில் வேலும் அய்யனார் கையில் வாளும் இருப்பதை மறந்துவிடாதீர்கள் என்று இன்னொருவர் பதில் சொன்னார். சட்டையைக் கழற்றி வேட்டியோடு அங்கப்பிரதட்சிணம் செய்பவர் துப்பாக்கியை எங்கே மறைப்பார் என்ற கேள்விக்குச் சிரிப்பு எழுந்தது. ஆனால் மறைத்திருந்தது வெளியே தெரிந்தால் எந்தப் பிரிவு பொருந்தும் என்பது சிரிப்புக்குரிய விஷயமில்லை.

2012 ஆகஸ்டில் விஸ்கான்சினின் ஓக் க்ரீக் குருத்வாராவில் நடந்த படுகொலையை நினைவூட்டியவர்களின் அச்சம் நியாயமானது. 2019 டிசம்பரில் இதே மாநிலத்தின் ஒயிட் செட்டில்மென்ட் தேவாலயத்தில், இருவரைச் சுட்டுக் கொன்றவனைப் பாதுகாப்புத் தொண்டர் ஒருவர் சில நொடிகளில் வீழ்த்தியதையும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். நான் அந்தச் சம்பவத்தை வேறு விதமாகப் பார்த்தேன். அவனை வீழ்த்திய தொண்டர் பிறருக்குச் சுடும் பயிற்சி தருபவர், தேவாலயம் நியமித்த குழுவில் இருந்தவர். அதே காணொளியில் வேறு சிலரும் துப்பாக்கியை உருவிக்கொண்டு நடப்பது தெரிகிறது. அந்த நேரத்தில் காவலர்கள் உள்ளே வந்திருந்தால் யாரை எதிரியென்று எண்ணியிருப்பார்கள்? திருவிழாக் கூட்டத்தில் யார் யாரிடம் ஆயுதம் இருக்கிறது என்று நிர்வாகத்துக்கே தெரியாத நிலையை நான் பாதுகாப்பாகக் கருதவில்லை.

இறுதியில் பொதுத் தடை விதித்து, பயிற்சி பெற்ற சிலருக்கு மட்டும் எழுத்துப்பூர்வ அனுமதி தருவதென்று முடிவாயிற்று. வழிபாட்டிடங்கள் தொண்டர்களைக் கொண்டே பாதுகாப்புக் குழு அமைக்க 2017 ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது. ஆனால் எங்களைப் போன்ற கோயில்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியை வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஆர்வத்தோடு பெயர் கொடுத்த இளைஞர்கள் பலர் இதனால் விலக நேர்ந்தது. சமயப் பணியாளர்களுக்கான ஆர்-1 விசாவில் வந்த அர்ச்சகர்களுக்கும் இதே தடைதான். குழுவில் சேர்ந்தவர்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள். பெரிய விழாக்களுக்குப் பணி நேரம் முடிந்த காவலர்களைக் கட்டணம் கொடுத்து அழைக்கும் வழக்கத்தையும் தொடர்ந்தோம்.

பலகைகளை வண்டிகள் நுழையும் வெளிவாயிலில் வைக்காமல் கட்டடக் கதவுகளில் வைத்தோம். துப்பாக்கியுடன் வந்தவர் அதைக் காரிலேயே பூட்டி வைத்துவிட்டு உள்ளே வரலாம். காலணி அறைக்கு அருகே பூட்டுப் பெட்டி வைக்கலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை, பிறர் ஆயுதத்தைக் காவல் காப்பது கோயிலின் வேலையில்லை. இதைச் செய்ய நினைப்பவர்கள் மடைப்பள்ளிப் பக்கக் கதவை விட்டுவிட வேண்டாம், 30.07 பலகை ஒவ்வொரு நுழைவாயிலிலும் இருக்க வேண்டும். எங்கள் அனுமதிக் கடிதங்கள் புதிய நிர்வாகக் குழு பொறுப்பேற்கும்போது தாமாகவே காலாவதியாகும். அவர்கள் தொண்டர்களைப் பரிசீலித்து மறுபடி கையெழுத்திட வேண்டும் என்று விதியிலேயே எழுதிவைத்திருக்கிறோம்.