ஒத்திகையை முதலில் வைத்திருக்க வேண்டும்

எங்கள் 36 வீடுகளுக்குமான தீப் பாதுகாப்புச் சான்று நேற்றுக் கைக்கு வந்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டு நுழைவாயிலில் மாட்டலாம், கொடுங்கள் என்று சங்கத் தலைவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். நான் இன்னும் கொடுக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு மின்சார இருசக்கர வண்டி. படிக்கட்டுக்கு அடியில் இரவெல்லாம் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த அதன் பேட்டரி ஒரு விடியற்காலையில் சீறிப் புகைந்து, முதல் மாடி வரை சுவரைக் கரியாக்கியது. லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் ஒரு முறை சூடேறத் தொடங்கினால் தன் சூட்டிலேயே மேலும் சூடேறும். அணைந்ததுபோல் போக்குக் காட்டி மறுபடி பற்றும். எங்களுடையது இரண்டு முறை பற்றியது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் அவசரக் கூட்டம் போட்டார்கள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்புவதற்குள், 'தீப் பாதுகாப்புப் பொறுப்பாளர்' என்று என் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

சான்றுக்கான படிவம், கட்டணம், ரசீது எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. வரைபடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் நடை. எழுத்தர் கோப்பைத் திறந்தார், வரைபடத்தை விரித்தார், "வெளியேறும் வழியே குறிக்கவில்லையே" என்று மூடினார். நியாயம்தான். நான் கொண்டுபோனது வீடு விற்றபோது கொடுத்த அழகுப் படம். அதில் தொட்டிச் செடிகள்கூட இருந்தன, பின்படிக்கட்டு இல்லை. புதிதாக வரையச் செய்து எடுத்துப் போனேன். இரண்டாவது நடை. "பொறியாளர் கையெழுத்து எங்கே?" இதையும் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். "அன்றைக்கு நீங்கள் கொண்டுவந்தது வரைபடமே இல்லையே, சார்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. முதல் குறை கண்ணில் பட்டதும் கோப்பை மூடிவிடுவது அவர் வழக்கம். அடுத்த பக்கத்துக் குறை அடுத்த நடைக்கு. மூன்றாவது நடையில் அவர் விடுப்பு. அந்த மேசைக்கு மாற்று ஆளும் இல்லை.

நான்காவது நடையில்தான் எனக்குப் புத்தி வந்தது. கோப்பைக் கொடுப்பதற்கு முன்பே ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "குறைகள் எல்லாவற்றையும் இதில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஒரே தடவையில் சரிசெய்துவிடுகிறேன்" என்றேன். எழுத்தில் கேட்டதும் மனிதர் கோப்பைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். ஒரே ஒரு குறைதான் அகப்பட்டது, தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு. அங்கேயே நின்று நிரப்பிக் கொடுத்தேன். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வெள்ளைத் தாள் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

இதற்கிடையே தீயணைப்பான்கள். மொத்தம் பதினான்கு. மறுநிரப்பு ஒப்பந்ததாரர் வந்து, எல்லாவற்றிலும் புதுத் தேதி ஒட்டிவிட்டுப் போய்விட்டார். நான் விடவில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டே போனேன். பொடி நிரப்பிய பன்னிரண்டிலும் முள் பச்சைப் பகுதியில் நின்றது. மின்பலகை அறையில் இருந்த இரண்டில் அழுத்தமானியே இல்லை. கழற்றி விற்றுவிட்டார்கள் என்றே முடிவு கட்டி, ஒப்பந்ததாரருக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதினேன், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் நகலோடு. அரை மணி நேரத்தில் அழைத்தார். "சார், அது கரியமில வாயு. அதற்கு அழுத்தமானி கிடையாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்" என்றார், மிகவும் பொறுமையாக. அந்தப் பொறுமைதான் தாங்க முடியவில்லை.

அவர் சொன்னது சரிதான். உள்ளே திரவமாக இருக்கும் கரியமில வாயு ஓரளவு கசிந்தாலும் அழுத்தம் அவ்வளவாக மாறாது. முள் எதையும் காட்டிக்கொடுக்காது. நிரம்பிய நிலையில் மொத்த எடை எவ்வளவு என்பது உருளையிலேயே பொறித்திருக்கும். நிரப்பிய வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மீண்டும் நிரப்ப வேண்டும். அவமானத்தோடு வீட்டு எடைக் கருவியைக் கொண்டுபோய், உருளையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும் தூக்காமல் ஒரு முறையும் ஏறி நின்று கழித்துப் பார்த்தேன். ஒன்று சரியாக இருந்தது. நாலரைக் கிலோ வாயு இருக்க வேண்டிய மற்றதில் ஒரு கிலோவுக்கு மேல் இல்லை. அதிலும் புதுத் தேதி பளிச்சென்று ஒட்டியிருந்தது. இந்த முறை நான் அழைத்தேன், நானும் மிகவும் பொறுமையாகவே பேசினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே ஆள் வந்து எடுத்துப் போனார்.

புகை அலாரங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. வாங்குவதும் மாட்டுவதும் பெரிய வேலை இல்லை. ஆனால் ஒரு வீட்டில் குளியலறை வாசலுக்கு நேர் மேலே மாட்டி, தினமும் வெந்நீர் ஆவிக்கு அது அலற, ஒரு வாரத்தில் பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் ஏற்கெனவே அலாரம் இருக்கிறது என்று பெருமையாகக் காட்டினார்கள். கழற்றிப் பின்பக்கத் தேதியைப் பார்த்தால் பதின்மூன்று வயது. இவற்றின் ஆயுள் பத்து ஆண்டுதான். அப்புறம் அந்தக் குருவி! நிமிடத்துக்கு ஒரு தடவை 'கீச்' என்ற சத்தம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று நான்கு நாள் தேடினோம். பேட்டரி தீரும் நிலையில் இருந்த அலாரம் ஒன்று, பூட்டிக் கிடந்த வீட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தது.

ஆய்வுக்குத் தீயணைப்பு நிலைய அதிகாரி வந்த அன்று, அத்தனை காகிதத்தையும் வண்ணக் கொடி வைத்துப் பிரித்து அடுக்கி வைத்திருந்தேன். அவர் கோப்பைத் தொடவே இல்லை. அளவு நாடாவோடு வாயிலுக்குப் போனார். தீயணைப்பு வண்டியின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். உள்பாதையில் ஒரு பக்கம் கார்கள் நின்றதால் மிஞ்சியது இரண்டே முக்கால். "வண்டி நுழைந்துவிடும். நாங்கள் இறங்குவதற்குக் கதவைத் திறக்க வேண்டாமா?" என்றார். அடுத்ததாக நீர்முனை. கூட வந்த வீரர் குழாயை மாட்டப் பார்த்தார், பொருந்தவில்லை. எப்போதோ கசிந்தபோது தோட்டக் குழாய்க்கு ஏற்ற முனையைப் பிளம்பர் பொருத்திவிட்டிருக்கிறார். இத்தனை ஆண்டும் செடிகளுக்குத் தண்ணீர் நன்றாகவே போயிருக்கிறது.

அன்றிரவு ஆறுதலுக்காகத் தேடிப் படித்தேன். 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது, வாஷிங்டனிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் உதவிக்கு ஓடிவந்த வண்டிகளின் குழாய்கள் அந்த நகரத்து நீர்முனைகளில் பொருந்தவில்லையாம். 1500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. நூறு ஆண்டுக்கு முந்தைய தவறை நாங்கள் ஒரு பிளம்பரை வைத்துத் தனியாகவே செய்திருக்கிறோம். முனையை மாற்றினோம். கார்களை மாற்றியதுதான் கடினம். அதற்கு இரண்டு கூட்டமும் ஒரு சண்டையும் தேவைப்பட்டன.

இனி ஒத்திகை. நாளைச் சொன்னோம், நேரத்தைச் சொல்லவில்லை. ஞாயிறு காலை மணி அடித்தது. மூன்று நிமிடம் ஒருவரும் வரவில்லை. குருவிக்குப் பழகிய காதுகள். யார் வீட்டு அலாரமோ என்று இருந்துவிட்டார்கள். பிறகு வந்தவர்களில் பாதிப் பேர் லிஃப்டில் வந்தார்கள். மின்சாரம் நின்றால் நடுவில் சிக்குவீர்கள் என்று ஒவ்வொரு தளத்திலும் எழுதி ஒட்டியிருந்தோம், லிஃப்டுக்கு உள்ளேயும் ஒட்டியிருந்தோம். அதைப் படித்துக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள்.

பின்படிக்கட்டில் வந்தவர்கள் வெளியே வரவில்லை. கீழ்க்கதவு பூட்டியிருந்தது. சாவி காவலாளியிடம், காவலாளி முன்வாசலில் மணி அடித்துக்கொண்டிருந்தார். செருப்புகள் திருடு போகின்றன என்று போன ஆண்டு பூட்டத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தின் கீழே முதல் கையெழுத்து என்னுடையது. கதவுக்கு அந்தப் பக்கம் பதினொரு பேர், இந்தப் பக்கம் நான். அவர்கள் என்னிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் கூடுமிடத்தில் தலைகளை எண்ணினோம். அறுபத்தொன்று. அதிகாரி கேட்டார், "எத்தனை பேர் இருக்க வேண்டும்?" தெரியவில்லை. "தானாக இறங்க முடியாதவர்கள் யார் யார்?" அந்தத் தடித்த கோப்பில் எந்தப் பக்கத்திலும் அந்தப் பட்டியல் இல்லை; எந்தப் படிவமும் அதைக் கேட்கவில்லை. அப்போதுதான் யாரோ நான்காவது மாடிப் பாட்டியின் பெயரைச் சொன்னார்கள். ஓடினோம். நடைச்சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மணி அவருக்குக் கேட்கவில்லை. ஜன்னல் வழியே எல்லோரும் கீழே நிற்பதைப் பார்த்திருக்கிறார். "யாராவது வருவீர்கள் என்று நினைத்தேன், தம்பி." மணி அடித்துப் பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. நான்கு நடையில் எழுத்தர் சொன்ன எதுவும் எனக்கு இவ்வளவு உறைக்கவில்லை.

மறுநாளே பின்கதவுப் பூட்டைக் கழற்றினோம். உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும், வெளியிலிருந்து சாவி கேட்கும் தாழ் போட்டோம். செருப்பும் தப்பியது. தளத்துக்கு ஒருவர் தலை எண்ண வேண்டும். உதவி தேவைப்படும் ஐந்து பேருக்கும் தலா இரண்டு பெயர்கள், ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் இன்னொருவர் இருப்பார். பாட்டிக்கு, அலாரம் அடித்தால் பளிச்பளிச்சென்று எரியும் விளக்கு. பட்டியலை எழுத எனக்கு ஒரு மாலைப்பொழுதுதான் ஆயிற்று. ஏழு மாதம் காகிதத்தின் பின்னால் அலைந்ததற்கு முன் இந்த ஒத்திகையை வைத்திருந்தால், பாதி வேலை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்திருக்கும். நீங்களாவது அப்படிச் செய்யுங்கள்.

இரண்டாவது ஒத்திகையில் வீரர்கள் எரியும் எண்ணெய்ச் சட்டியில் நீண்ட கம்பின் முனையிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரைக் கவிழ்த்துக் காட்டினார்கள். ஆவியாகும்போது தண்ணீர் சுமார் 1700 மடங்கு விரியுமாம். தீ ஆளுயரத்துக்கு மேல் எழும்பியது. அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூடி, அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதை இனி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தீயணைப்பானை எடுத்த முதல் மூவரும் பதற்றத்தில் கைப்பிடியை அழுத்திக்கொண்டே ஊசியை இழுத்தார்கள்; அழுத்தினால் ஊசி சிக்கிக்கொள்ளும், வராது. கையைத் தளர்த்தி, ஊசியை உருவி, அதன் பிறகுதான் அழுத்த வேண்டும். கொழுந்தின் மேல் அடித்த நான்காமவருக்குப் பொடி தீர்ந்தது, தீ தீரவில்லை. அடியில் அடிக்க வேண்டும், அரை நிமிடத்துக்குள் உருளை காலியாகிவிடும்.

அன்று ஆறரை நிமிடத்தில் அனைவரும் கீழே இருந்தோம். எண்ணிக்கையும் சரியாக வந்தது. பாட்டியை நாற்காலியோடு தூக்கி வந்த இரண்டு பையன்களையும் அவர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். "மெதுவாகடா, நான் என்ன மூட்டையா?"

சான்றை வாங்கியது ஐந்தாவது நடை. வீட்டுக்கு வந்துதான் நிதானமாகப் படித்தேன். வீடுகளின் எண்ணிக்கை 63 என்று அச்சாகியிருக்கிறது. திருத்திக்கொள்ள எப்போது வரலாம் என்று இன்று காலை தொலைபேசியில் கேட்டேன். அந்த எழுத்தர் விடுப்பில் இருக்கிறாராம்.