நீலத் திரைக்கு ஆள் சேர்த்த கதை

மட்டக்களப்பு கல்லடியில் தெரிந்த அண்ணர் ஒருவர் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் வைஃபையில் இணைந்து போனிலிருந்தே பிரிண்டுக்கு அனுப்ப, அவருடைய மருமகன் ஒரு புறோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். வருகிற ஒவ்வொரு போனுக்கும் ஒரு திரெட், அதாவது புறோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை. ஓ.எல். பரீட்சை ரிசல்ட் வந்த அன்று கடை நிரம்பியதும் கொம்பியூட்டர் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. எழுப்பினால் மறுகாவும் படுத்தது.

“இவன்ட புறோகிராம்தான் தம்பி, கொம்பியூட்டரச் சாகடிக்குது” என்றார் அண்ணர். அண்ணி கண்ணூறு என்று தேசிக்காய் கட்டிவிட்டார். பொடியன் இரண்டு பக்கமும் வாய் திறக்கவில்லை.

எனக்கு அவன் மேல் சந்தேகம் வரவில்லை. சாதாரணப் புறோகிராம் குழம்பினால் அதுதான் விழும், விண்டோஸ் விழாது. விண்டோஸே விழுகிறதென்றால் அதன் நடு மையமான கெர்னலுக்குள் இருக்கிற எவனோ, அனேகமாக ஏதாவது சாதனத்தை ஓட்டும் டிரைவர் என்கிற புறோகிராம், கை வைத்திருக்கிறான். இல்லையென்றால் ரேம் என்கிற மெமரி பழுது.

சிக்கல் என்னவென்றால், நாங்கள் தனியாக இருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காது. கூட்டம் வேண்டும். பக்கத்து டியூஷன் பொடியன்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூப்பிட்டோம். எல்லோரும் ஒரே நேரத்தில் படம் அனுப்பினார்கள். திரை நீலமானதும் சிக்சர் அடித்தது போல் கூச்சல்! அண்ணர் மட்டும் தலையில் கை வைத்தார்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒன்று உண்டு. விழுந்த நேரத்து வாக்குமூலம் அதில் கிடக்கும். மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும், பிழை தேடும் கருவியான விண்ட்பக்கில் திறந்தால், 0xD1 பிழை. தொடக்கூடாத நேரத்தில் தொடக்கூடாத மெமரியைத் தொட்டது, போன்கள் வந்து இணையும் யூ.எஸ்.பி. வைஃபை ஸ்டிக்கின் டிரைவர்.

“இதே ஸ்டிக் பழைய கொம்பியூட்டர்ல வருஷக்கணக்கா ஓடினதுகா!” என்று அண்ணர் மல்லுக்கு நின்றார். அந்தப் பெட்டிக்கு ஒரே கோர், கணக்குப் போடும் மூளை ஒன்றுதான். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலம் மாதிரி, ஒரு பக்கத்து வாகனம் போய் முடிந்தபின்தான் மறுபக்கம் வரும். இந்தப் பெட்டியின் நாலு கோரில் திரெட்டுகள் உண்மையாகவே ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று முடியுமட்டும் மற்றதை மறிக்கும் பூட்டை டிரைவர் எழுதியவர் போட மறந்த இடத்தில், அனேகமாக அப்போதுதான் இரண்டு முட்டிக்கொள்ளும்.

ஸ்டிக்கைக் கழற்றி, கேபிளில் ஒரு றவுட்டரைக் கொழுவினோம். பொடியன்கள் திரும்ப வந்து அனுப்பு அனுப்பென்று அனுப்பினார்கள். பிரிண்டர்தான் களைத்தது.

“நீலம் வரல்லியே அண்ணன், ஐஸ்கிரீம் உண்டா இல்லியா?” என்றான் ஒருவன்.

அண்ணர் வாங்கிக் கொடுத்தார். காசை மருமகனின் கணக்கில் எழுதினார்.