பக்கத்து வீட்டு அல்ஜீரியாவும் அசியா ஜெபாரும்

பாரிஸுக்கு வடக்கே, லா கூர்னவில் நாங்கள் குடியேறிய தொடர்மாடியில் வட ஆபிரிக்கக் குடும்பங்கள் நிறைய. மேல்மாடியில் ஒரு வயதான அல்ஜீரிய மதாம். நோன்பு மாதத்தில் சூப்பும் பாணும் கொண்டுவந்து தருவார். பொங்கலுக்கு நான் புக்கை கொடுப்பேன். அதற்கு மேல் பேச்சு நகராது. என் பிரெஞ்சு, வதிவிட அனுமதிப் படிவங்களிலும் வேலை செய்த உணவகக் குசினியிலும் பொறுக்கியது. அவருக்கோ எழுத வாசிக்கவே தெரியாது.

மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பில் ஆசிரியை ஒருநாள் ஒரு பக்கத்தை நகலெடுத்துத் தந்தார். தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு முதல்முறை பள்ளிக்கூடம் போகும் ஒரு அரபுச் சிறுமி. 1985இல் வெளிவந்த 'லாமூர், லா ஃபான்தாசியா' நாவலின் தொடக்கம் அது. எழுதியவர் அசியா ஜெபார்.

1936இல் அல்ஜீரியாவின் ஷெர்ஷெல் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். இயற்பெயர் ஃபாத்திமா சோரா. தகப்பன் பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர். அந்தக் காலத்து அல்ஜீரியாவில் மகளைப் படிக்கவிட்ட அதே மனிதர், யாரோ ஒரு பையன் அவளுக்கு எழுதிய கடிதத்தை ஆத்திரத்தில் கிழித்தும் போட்டார். 1955இல் ஜெபார், பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ரில் இருந்த எக்கோல் நோர்மால் என்ற பெண்களுக்கான உயர் கல்லூரிக்குள் நுழைந்தார். அதில் இடம்பெற்ற முதல் அல்ஜீரிய முஸ்லிம் பெண் அவர்தான். அடுத்த வருடமே, பிரான்சுக்கு எதிரான விடுதலைப் போருக்கு ஆதரவாக அல்ஜீரிய மாணவர்கள் செய்த வேலைநிறுத்தத்தில் சேர்ந்து பரீட்சையை விட்டார். 1957இல் முதல் நாவல். வீட்டாருக்குத் தெரியாமலிருக்கத்தான் இந்தப் புனைபெயர்.

நாவலில் என்னைத் தூங்கவிடாத பகுதி, 1845இல் தாஹ்ரா குகைகளில் நடந்தது. பிரெஞ்சுப் படைக்குப் பயந்து ஒரு குலமே பிள்ளைகுட்டி, ஆடுமாடுகளோடு குகைக்குள் ஒளிந்தது. கேணல் பெலிசியே வாசலில் தீ மூட்டி நூற்றுக்கணக்கானோரைப் புகையில் கொன்றார். பிறகு மேலிடத்துக்கு விரிவாக அறிக்கையும் எழுதினார். அந்த அறிக்கை இருந்ததால்தான் செத்தவர்களை ஜெபாரால் தேடிப் போக முடிந்தது. அதற்காகப் பெலிசியேக்கு நன்றி சொல்லக்கூடத் துணிகிறார். வன்னியில் பதுங்குகுழிக்குள் இருந்துவிட்டு வந்த எனக்கு அந்த நன்றியின் கசப்பு நன்றாகவே விளங்கியது.

1967க்குப் பிறகு பத்து வருடத்துக்கும் மேலாக அவர் நாவல் எதையும் வெளியிடவில்லை. அந்த இடைவெளியில் கமராவோடு தன் தாய்வழி உறவினர் வாழ்ந்த ஷெனுவா மலைப்பக்கம் போய், போரைக் கண்ட பெண்களைப் பேசவைத்து 1977இல் படமெடுத்தார். அப்படிக் கேட்ட குரல்களைப் பிறகு நாவலுக்குள்ளும் கொண்டுவந்தார். வீடு எரிந்தது, மகன் காட்டுக்குப் போனது, சிப்பாய் அடித்தது எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், புத்தகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அதை வாசித்த பிறகுதான் மேல்மாடி மதாமிடம், போர்க்காலத்தில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். தேநீர் ஆறும்வரை பேசினார். தகப்பனைப் பிடித்துக்கொண்டு போனதைச் சொன்னார். நானும் எங்கள் இடப்பெயர்வைச் சொன்னேன். இரண்டு பேரின் உடைந்த பிரெஞ்சும் அதற்குப் போதுமாக இருந்தது.

2005இல் பிரெஞ்சு மொழிக்கான பெரிய சபையான பிரெஞ்சு அக்கடமி ஜெபாரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த வருட ஏற்புரையில், அந்தச் சபையில் நின்றே காலனியாதிக்கம் விட்டுப்போன காயத்தைப் பற்றிப் பேசினார். 2015இல் பாரிஸில் இறந்தார். உடலை ஷெர்ஷெலுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

பிரெஞ்சு ஓரளவு பழகிய நம்மவர்களுக்கு ஒன்று சொல்வேன். 'லாமூர்' கடினமான நடை. முதலில் 1980இல் வந்த 'அல்ஜியர்ஸ் பெண்கள்' கதைகளை எடுங்கள், சிறியவை. அல்லது தன் சிறுவயதைப் பற்றி அவர் 2007இல் எழுதிய நாவல். பாரிஸ் 20ஆம் வட்டாரத்தில் அவர் பெயரிலேயே ஒரு நகராட்சி நூலகம் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள்.